தொப்பி எங்கே போச்சு?

ரெக்கார்டு பிளேயர் வாங்கியாச்சு. ‘ஃபோனோ பிரீஆம்ப்’ என்று இன்னொரு பெட்டியும் வேண்டுமாம். எதற்கு, எவ்வளவுக்கு?

பரணிலிருந்து இறக்கிய பழைய கச்சேரி எல்.பி. ஒன்று. புதிதாக வாங்கிய டர்ன்டேபிள் ஒன்று. டி.வி.க்குக் கீழே இருந்த ஹோம் தியேட்டரின் பின்பக்கம், ‘ஆக்ஸ்’ என்று போட்டிருந்த இடத்தில் சிவப்பு, வெள்ளை பின்களைச் செருகிவிட்டு முள்ளை வைத்தேன். சத்தமே இல்லை. வால்யூமை முக்கால்வாசி திருப்பிய பிறகு, அடுத்த தெருக் கல்யாண மண்டபத்திலிருந்து வருவதுபோல் பாட்டு வந்தது. குரலில் ஒரே கீச்சு. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்டது. கும்மென்று ஒலிக்க வேண்டிய இடப்பக்கத் தொப்பியைக் காணவே காணோம். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு முள்ளுக்குப் பக்கத்தில் காதை வைத்தால், அங்கேயும் அதே பாட்டு எறும்பு பாடுவதுபோல் கேட்கிறது!

தட்டு கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, பழைய ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தவர் சிரித்தார். “தட்டு நல்லாத்தான் இருக்கு சார். நடுவுல ஒரு பெட்டி விட்டுப்போச்சு.”

அவர் சொன்ன பெட்டிதான் ஃபோனோ பிரீஆம்ப். ரெக்கார்டு கேட்கும் ஆசை வந்த வீடுகளில் இன்று அதிகம் குழப்புவது இதுதான். சில ஆயிரத்திலும் கிடைக்கிறது, லட்சத்திலும் கிடைக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் டிபன் டப்பா மாதிரிதான் இருக்கும்.

வேண்டுமென்றே தப்பாகப் பதிந்த பாட்டு

இந்தப் பெட்டிக்கு இரண்டு வேலை. முதலாவது, சத்தத்தைத் தூக்கிவிடுவது. முள் பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். சி.டி. பிளேயரிலிருந்து வருவதோ 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. ‘ஆக்ஸ்’ எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது ரகத்தை. அதனால்தான் கல்யாண மண்டபம் அடுத்த தெருவுக்குப் போனது.

இரண்டாவது வேலைதான் முக்கியமானது. இசைத்தட்டில் பாட்டு உள்ளது உள்ளபடி பதிந்திருப்பதில்லை. பேஸ் ஒலியை முழு பலத்தோடு வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து, பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டெல்லாம் அடங்காது. மெல்லிய ட்ரெபிள் ஒலியை அப்படியே வெட்டினால், தட்டின் சரசரப்பில் அது மூழ்கிவிடும். அதனால் தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய அளவில் செய்துகொண்டிருந்த இந்த வேலைக்கு 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கணக்கை வகுத்தது. உலகம் பிறகு அதையே பிடித்துக்கொண்டது.

வெட்டும்போது செய்த தப்பை, கேட்கும்போது தலைகீழாகத் திருத்த வேண்டும். நடு ஒலியான 1,000 ஹெர்ட்ஸை அளவாக வைத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸில் சுமார் பத்து மடங்கு ஏற்ற வேண்டும்; 20,000 ஹெர்ட்ஸில் பத்தில் ஒன்றாக இறக்க வேண்டும். திருத்தாமல் கேட்டால் வலந்தலை காதைக் கிழிக்கும், தொப்பி தொலைந்துபோகும். என் வீட்டில் நடந்தது இதுதான். பிரீஆம்ப் பாட்டுக்கு அழகு சேர்க்கும் கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டைப் பழைய நிலைக்குத் திருப்புவது மட்டுமே அதன் வேலை. கணக்கு எழுபது வருடப் பழசு. அதைச் செய்து முடிக்கும் என்.இ.5532 போன்ற நல்ல ஐ.சி.க்கள் சில பத்து ரூபாயில் கிடைக்கின்றன. குறைந்த விலைப் பெட்டியும் வேலையை ஒழுங்காகச் செய்ய முடிவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் தேடுங்கள்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிரீஆம்ப் இருக்கலாம். எழுபது, எண்பதுகளில் வந்த ஸ்டீரியோ ஆம்ப்களில் பெரும்பாலும் ‘ஃபோனோ’ என்று தனி இடமே இருக்கும். அப்பா வாங்கிய ஆம்ப் இன்னும் உயிரோடு இருந்தால், முதலில் அதன் முதுகைப் பாருங்கள். சி.டி. வந்த பிறகு அந்த இடத்தைப் பல கம்பெனிகள் எடுத்துவிட்டன.

புது டர்ன்டேபிள்களில் பலவற்றின் உள்ளேயே பிரீஆம்ப் இருக்கிறது. ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ், எல்.பி.120எக்ஸ் இரண்டிலும் ‘ஃபோனோ’, ‘லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ‘லைன்’ பக்கம் தள்ளினால் நேராக ஆக்ஸில் செருகிவிடலாம். இரண்டு மாதம் அதிலேயே கேட்டுப் பார்த்து, குறை தெரிந்தால் மட்டும் தனிப் பெட்டியைப் பற்றி யோசியுங்கள். தனிப் பெட்டி வாங்கினால் மறக்காமல் சுவிட்சை ‘ஃபோனோ’வுக்கு மாற்றுங்கள். நான் மறந்தேன். ஒரே பாட்டை இரண்டு பிரீஆம்ப் அடுத்தடுத்துத் திருத்தியதில் தொப்பி மட்டும் குமுகுமுவென்று அறையை நிறைத்தது. பாடகர் போர்வைக்குள் போய்விட்டார்.

தாத்தா காலத்து சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது காந்தத்தில் இயங்குவதல்ல. நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட்டைத் தானே தரும். அதை பிரீஆம்ப்பில் செருகினால் கரகரவென்று அலறும். அதற்கு இந்தப் பெட்டியே தேவையில்லை.

பார்க்க வேண்டிய நாலு விஷயம்

ஒன்று, எம்.எம்.மா, எம்.சி.யா? கார்ட்ரிட்ஜில் காந்தம் அசைந்தால் எம்.எம்., கம்பிச்சுருள் அசைந்தால் எம்.சி. முதலாவது தருவது 3 முதல் 6 மில்லிவோல்ட். இரண்டாவது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. எம்.எம்.முக்கு நூறு மடங்கு தூக்கினால் போதும். பெட்டியில் 40 டெசிபல் என்று போட்டிருப்பது அதைத்தான். எம்.சி.க்கு ஆயிரம் மடங்கு, 60 டெசிபல் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் கையில் இருப்பது அநேகமாக எம்.எம்.தான். ‘எம்.சி. வசதியும் உண்டு’ என்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது, டூ வீலர் மட்டும் வைத்திருப்பவர் கார் நிறுத்த இடம் வாடகைக்குப் பிடிப்பதுபோல.

இரண்டு, கெபாசிட்டன்ஸ். எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு உள்வாங்கும் தடை 47 கிலோ ஓம் என்பது எல்லாப் பெட்டிக்கும் பொது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கெபாசிட்டன்ஸ்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜ் கேட்பது 100 முதல் 200 பிகோஃபேரட். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300. பெட்டியின் அளவும் வயரின் அளவும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. அளவு மீறினால் பாடகர் ‘ச’ சொல்லும் இடமெல்லாம் கூசும். வயரை நீளமாகப் போடாதீர்கள். ஒரு மீட்டர் போதும்.

மூன்று, சப்சானிக் ஃபில்ட்டர். இது நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. மொட்டை மாடிக்கு அடியில் உள்ள பரணில் பல கோடைகளைப் படுத்தே கழித்த தட்டுகள் அப்பளம்போல வளைந்திருக்கும். முள் அந்த மேட்டில் ஏறி இறங்குவதையும் பிரீஆம்ப் பேஸ் என்று நினைத்துப் பத்து மடங்கு ஏற்றிவிடும். காதுக்குக் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பேப்பர் கோன் மூச்சு வாங்குவதுபோல முன்னும் பின்னும் போய்வரும். ஃபில்ட்டர் சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியே அடங்கும். பழைய தட்டுகள் அதிகம் உள்ளவர்கள் இந்தச் சுவிட்ச் இருக்கும் பெட்டியையே தேடி வாங்கலாம்.

நான்கு, அடாப்டர். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் சொல்லி வரவழைப்பவர்கள் கவனிக்க: அங்கே விற்கும் பல பெட்டிகளோடு வருவது 120 வோல்ட் அடாப்டர். நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். சென்னை ரிச்சி தெருவில் வேறு அடாப்டர் வாங்கிவிடலாம் என்றால், எத்தனை வோல்ட் என்பதோடு ஏ.சி.யா டி.சி.யா என்பதையும் பாருங்கள். சில பிரீஆம்ப்கள் ஏ.சி. அடாப்டரில் மட்டுமே ஓடும்.

எதிரியின் பெயர் 50 ஹெர்ட்ஸ்

பிரீஆம்ப் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் முதலிடம் ஹம்மிங்குக்கு. ‘உம்ம்’ என்று அடியில் ஒரு ரீங்காரம். இது ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி 50 ஹெர்ட்ஸில் பிரீஆம்ப் ஏழு மடங்கு கூடுதலாக ஏற்றுகிறது. பொதுவாகத் தூக்கும் நூறு மடங்கோடு இதைப் பெருக்கினால் எழுநூறு! சுவருக்குள் ஓடும் வயரின் முணுமுணுப்புகூட மேடையேறிவிடும்.

மருந்து பெரும்பாலும் செலவில்லாதது. டர்ன்டேபிளிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர்களோடு மெல்லிய மூன்றாவது வயர் ஒன்று வரும். முனையில் கவட்டை மாதிரி சின்னத் தகடு. அதுதான் எர்த் வயர். பிரீஆம்ப்பின் பின்னால் இருக்கும் திருகைத் தளர்த்தி, தகட்டை உள்ளே தள்ளி, இறுக்குங்கள். உம்மென்ற ஓசை சட்டென்று நிற்பது ரெக்கார்டு வாழ்க்கையின் சின்னச் சந்தோஷங்களில் ஒன்று. சில டர்ன்டேபிள்களில் இந்த வயர் தனியாக இருக்காது. தேடிக் களைக்க வேண்டாம்.

அப்படியும் நிற்காவிட்டால் பிரீஆம்ப்பை ஆம்ப்பின் தலைமேலிருந்து இறக்கி, ஓரடி தள்ளி வையுங்கள். வைஃபை ரூட்டர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். ப்ளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் ஹம்மிங் நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்தப் பின் இருப்பது உங்கள் உயிருக்காக.

எதை வாங்கலாம்?

சில ஆயிரம் ரூபாயில் தொடங்க பெரிங்கர் பி.பி.400 உண்டு. உள்ளங்கையில் அடங்கும், எம்.எம். மட்டும், சுவிட்ச் கிவிட்ச் எதுவும் கிடையாது. நல்ல தட்டும் சாதாரண ஸ்பீக்கரும் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும்.

அதற்கு மேல் கொஞ்சம் போட முடிந்தால் ஏ.ஆர்.டி.யின் டி.ஜே. ப்ரீ 2. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு, கெபாசிட்டன்ஸை மாற்ற சுவிட்ச், அடி ஒலியை வெட்டும் ஃபில்ட்டர் மூன்றும் உண்டு. மேலே சொன்ன நாலு விஷயத்தில் இரண்டை ஒரே பெட்டி கவனித்துக்கொள்கிறது என்பதால், பரண் தட்டுக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

இன்னும் மேலே போனால் கேம்பிரிட்ஜ் ஆடியோவின் ஆல்வா சோலோ, ப்ராஜெக்டின் ஃபோனோ பாக்ஸ் வரிசை. பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர்களுக்கு யு.எஸ்.பி. உள்ள ரேகா ஃபோனோ மினி ஏ2டி. டிஜிட்டலில் வராமலே போன நாடக வசனத் தட்டும் பக்திப் பாட்டு இ.பி.யும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி காசுக்குத் தகுந்தது. என்றாவது எம்.சி. வாங்குவேன் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு ஐஃபை ஸென் ஃபோனோ: 36, 48, 60, 72 டெசிபல் என்று நான்கு படிகள், கூடவே சப்சானிக் ஃபில்ட்டர்.

மலிவான வால்வு பிரீஆம்ப் ஒன்றின் ஆரஞ்சு வெளிச்சத்தில் மயங்கி நானும் ஒருமுறை ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெளிச்சம் வால்விலிருந்து வரவில்லை. அதன் அடியில் ஒரு எல்.இ.டி. விளக்கு.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். முள்ளைத் தட்டில் வைக்காமல், வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். உட்காரும் இடத்தில் ‘ஸ்ஸ்’ஸோ ‘உம்’மோ கேட்காவிட்டால் பாதி பாஸ். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு தட்டைப் போடுங்கள். கச்சேரியாக இருந்தால் தனி ஆவர்த்தனம். தொப்பியின் கும்காரம் தனியாகவும் வலந்தலையின் நாதம் தனியாகவும், ஒன்றை ஒன்று மிதிக்காமல் கேட்டால் மீதிப் பாதியும் பாஸ்.

கடைசியாக ஒரு கணக்கு. முதல் பிரீஆம்ப்பின் விலை, உங்கள் கார்ட்ரிட்ஜின் விலையைத் தாண்ட வேண்டாம். மிச்சப் பணத்தை முள்ளுக்கு வையுங்கள். உருண்டை முனை முள்ளுக்கு சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு சுமார் 300 மணி நேரம்தான் ஆயுள் என்கிறது ஆடியோ டெக்னிகா. சுமாரான பிரீஆம்ப்பை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த முள் உழுதுவிட்ட தட்டை எந்தப் பெட்டியாலும் திருத்த முடியாது.