மூக்குக்குப் பிடித்த காபி!

மணலிக்காரனிடம் நாற்றத்தைப் பற்றிப் பேசுவது, மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு கவிச்சியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலை என்று சுற்றிலும் புகைபோக்கிகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். நானே இங்கே ஒரு தொழிற்சாலை லேபில் 32 வருஷம் குப்பி கழுவி ரிடையர் ஆனவன்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் மூக்கு என்றால் அது என் மனைவியின் மூக்குதான். கூடத்தில் உட்கார்ந்தபடியே, "ரெண்டாம் டிகாஷனைக் கலந்துட்டீங்களா?" என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த மூக்கு 2021 மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கொரோனா. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. வாசனை போனது போனதுதான். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் அதுபாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்க, இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த நான் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் கத்தினேன். கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆச்சு. அன்றிலிருந்து அடுப்படி என் வசம்.

மூன்று மாதம் கழித்து வாசனை திரும்பியது. சந்தோஷமாகக் காபியைக் கொண்டுபோய் நீட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது, டயரைக் கொளுத்தின மாதிரி?" வழக்கம்போல் ஊர்க் காற்றின் மேல் பழியைப் போட்டு ஜன்னலைச் சாத்தினேன். "வெளியில இல்லீங்க, தம்ளர்ல!" என்றாள்.

இதற்குப் பெயர் பரோஸ்மியா என்றார் டாக்டர். அடிபட்ட வாசனை நரம்புகள் தேறி வரும்போது, நல்ல மணத்தையெல்லாம் நாற்றமாகக் காட்டுமாம். வெங்காயம், பூண்டு, வறுத்த கறி, காபி இவையெல்லாம்தான் முக்கிய எதிரிகள். 2022-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் காபி மணத்தைப் பொருள் பொருளாகப் பிரித்து, இந்த மாதிரி ஆட்களை முகர வைத்துப் பார்த்தார்கள். அதிகம் பேரைக் குமட்ட வைத்தது 2-ஃபியூரான்மெத்தேன்தயால் என்ற ஒன்று. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். தயால் என்றால் கந்தகம் சேர்ந்த மெர்கேப்டன் வகையறா. கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் கேஸில் கலக்கிறார்களே, அதற்குப் பங்காளி! நமக்கெல்லாம் காபி 'கமகம' என்பதற்கே இது துளியூண்டு இருப்பதுதான் காரணம். மணலியில் கந்தகத்தோடு குடும்பம் நடத்தியவனுக்கு, அது தம்ளருக்குள்ளேயும் இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

"காபியை விட்டுத்தொலையேன்" என்றார்கள் சொந்தக்காரர்கள். சொல்வது சுலபம். காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் இருவரும் நாலு வார்த்தை பேசிக்கொள்வதே அந்த இரண்டு தம்ளருக்கு நடுவில்தான். அது நின்றதும் வீட்டில் சத்தமே இல்லை. நான் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி மொட்டைமாடிக்குப் போய்க் குடித்தேன். இறங்கவில்லை. உலகத்தில் எத்தனையோ விதமாய்க் காபி போடுகிறார்களே, ஒன்றுகூடவா இவளுக்கு ஒத்துவராது என்று தோன்றியது.

முதலில் துருக்கி. தூள் மைதா மாதிரி இருக்கணும். மிக்ஸியில் இன்னொரு ஓட்டு ஓட்டினேன். அவர்களுடைய நீளக் கைப்பிடிக் குவளைக்கு நம் தாளிப்புக் கரண்டியே போதும். சின்னக் கப் தண்ணீர், ஒரு ஸ்பூன் தூள், சர்க்கரை மூன்றையும் ஒன்றாய்க் கலந்து சிம்மில் வைக்கணும். நுரை எழும்பி விளிம்பைத் தொடும்போது இறக்கிவிடணும், கொதித்தால் நுரை போச்சு. வடிகட்டக் கூடாது. மண்டி அடியில் தங்கிய பிறகு மேலாக உறிஞ்சணும். இந்தக் காபி மரபை 2013-ல் யுனெஸ்கோவே பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. என் மனைவி கௌரவிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அடுத்தது இத்தாலி. 1933-ல் பியாலெட்டி என்பவர் கொண்டுவந்த மோக்கா கெண்டி, பர்மா பஜாரில் ஒரு மணி நேரப் பேரத்தில் கிடைத்தது. நம் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து இறங்கும். இதில் கீழேயிருக்கும் தண்ணீர் ஆவியின் அழுத்தத்தில் தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும். லேப்காரனுக்கு வேடிக்கைதான். ஆனால் மணம் தெருக்கோடி வரை போனதால், எனக்குப் போட்ட திட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

வியட்நாமியர்களின் 'ஃபின்' நம் ஃபில்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி, தம்ளர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் புதிதாக எதுவும் வாங்கவில்லை. தம்ளர் அடியில் ரெண்டு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க், மேலே கெட்டி டிகாஷன். மூன்று மடக்கு இறங்கியது. "நாத்தம் பாதிதான். ஆனா பாயசமாட்டம் இருக்கு."

அப்புறம் கிரேக்க நாட்டு ஃப்ராப்பே. 1957-ல் தெசலோனிக்கி கண்காட்சியில் வெந்நீர் அகப்படாமல், ஒருவர் இன்ஸ்டன்ட் தூளைப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் குலுக்கியதில் பிறந்ததாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தூள், சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கை வலிக்கக் குலுக்கி, ஐஸ் போட்டுக் கொடுத்தேன். சில்லென்று இருப்பதில் மணம் அவ்வளவாக எழும்பாது. முழுசாகக் குடித்துவிட்டு, "இதுக்கு நன்னாரி சர்பத்தே குடிச்சிருக்கலாம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு ஃபிட்டர் தம்பி ஜுபைலில் ஷட்டவுன் வேலை முடிந்து ஊருக்கு வந்தது. "சார், சவூதியில இதுதான் காபி. பாலு கேட்டா சிரிப்பாங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தது. பிரித்தால் கோதுமை நிறத்தில் தூள். கொட்டையை லேசாகத்தான் வறுப்பார்களாம். எனக்குள் இருந்த லேப்காரன் விழித்துக்கொண்டான். அந்தக் கந்தக சமாச்சாரம் வறுக்க வறுக்கத்தானே ஏறுகிறது!

மூன்று கப் தண்ணீரில் மூன்று ஸ்பூன் தூளைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, இடித்த ஏலக்காயைத் தாராளமாகப் போட்டு இறக்கித் தெளிய வைத்தேன். சர்க்கரை கிடையாது, கூடப் பேரீச்சம்பழம். பிடியில்லாத குட்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்டணும்.

மோந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "ஏலக்காய் வருதுங்க" என்றாள். நாலு கிண்ணம் போச்சு. கிண்ணத்தை ஆட்டும் விஷயத்தை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்குக் கூடத்தில் மறுபடி பேச்சுச் சத்தம். பேச்சு என்ன பேச்சு, தண்ணி லாரி வரலையே என்கிற புலம்பல்தான்.

2023 பொங்கலன்று அவளாகவே, "நம்ம ஃபில்டர்ல போடுங்க. அரைத் தம்ளர் போதும்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். ஆவி பட முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சிக்கரி ஜாஸ்தி. எந்தக் கடையில வாங்கினீங்க?"