கார்டில் இடம் இருக்கு, வீடியோ ஏறலையே?



ஆண்டு விழா வீடியோவை மெமரி கார்டில் ஏற்றப் பார்த்தால் "ஃபைல் ரொம்பப் பெரிசு" என்று வருதாம். 32 ஜிபி கார்டில் பாதி காலியாகத்தான் இருக்கு. குழுக் கூட்டங்களில் எங்களிடம் இதைக் கேட்கிறீர்கள். கார்டு கெட்டுப்போகவில்லை.

நம்ம பேரேட்டில் தொகை எழுத நாலு கட்டம்தான் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். 9,999 வரை எழுதலாம். பணப்பெட்டியில் இடம் இருந்தாலும் 10,000 என்று ஒரே வரியில் எழுத முடியாது. கார்டுக்குள்ளும் இப்படி ஒரு பேரேடு உண்டு. 32 ஜிபி வரையுள்ள கார்டுகளில் வழக்கமாக இருப்பது ஃபேட்32 என்ற முறை. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள்தான் இருக்கணும். சின்ன ஃபைலாக நிறைய வைக்கலாம். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய போன் சிலது அதைப் படிக்காது.

பழைய கார்டையும் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்து எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றலாம். இங்கேதான் கவனம் வேணும். ஃபார்மட் அழுத்தினால் கார்டில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். பிள்ளைகள் போட்டோ, தீர்மானப் புத்தகத்தைப் படம் எடுத்து வைத்தது, எல்லாமே. கடைக்காரர் "ஒரு நிமிஷ வேலைதான்க்கா" என்பார். அவசரப்படாதீங்க. முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஏற்றி, திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கொடுங்க.

மாற்றவே பயமா இருந்தால், வீடியோவை இரண்டு மூன்று துண்டாக வெட்டி ஏற்றலாம். ஒவ்வொரு துண்டும் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் போதும்.