மின்னஞ்சலில் ஆவணம் போக மாட்டேங்குதா? எழுத்து மங்காமல் கோப்பின் அளவைக் குறைப்பது எப்படி?

விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். எஸ்.பி.எம். சான்றிதழ், பிறப்புப் பத்திரம், அப்பா அம்மாவின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு என எட்டுத் தாள்களையும் கைப்பேசியில் படம் பிடித்தாகிவிட்டது. மின்னஞ்சலில் இணைத்தால், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று நின்றுவிடுகிறது. புலாவ் செபாங் சுற்றுவட்டாரத் தோட்டத்தில் இருக்கும் ஒரு மாணவருக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை. ராத்திரி நேரத்துல தம்பினுக்கோ அலோர் காஜாவுக்கோ போய் கடையைத் தேட முடியுமா?

தேவையில்லை. கையில் இருக்கும் கைப்பேசியே போதும். கோப்பு ஏன் பெரிதாகிறது என்று தெரிந்தால், குறைப்பதும் சுலபம்தான்.

மின்னஞ்சலில் எவ்வளவு அனுப்பலாம்?

ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலின் இணைப்புகளுக்கு வரம்பு 25 மெகாபைட், அதாவது 25 எம்.பி. ஆனால், அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துகளை அனுப்பவே உருவானது. அதனால் படமோ பி.டி.எஃப். கோப்போ வழியில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. அப்படி மாறும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. 18 எம்.பி. கோப்பு வழியில் 24 எம்.பி. ஆகிவிடும்.

அதோடு, பெறுகிற அலுவலகத்துக்கும் தனி வரம்பு இருக்கலாம். அது இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே, விண்ணப்ப அறிவிப்பில் அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், மொத்தம் 5 எம்.பி.க்குள் அடக்குவது நல்லது.

இடத்தைப் பிடிப்பது எது?

எழுத்து இல்லை, படம்தான். தட்டச்சு செய்த ஒரு தமிழ்ப் பக்கத்தில் 2,000 குறியீடுகள் இருந்தால், ஒன்றுக்கு 3 பைட் வீதம் மொத்தம் சுமார் 6 கிலோபைட்தான். அதே பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தால் 3, 4 எம்.பி. வரை போகலாம். கேமராவுக்கு எழுத்து தெரியாது. தாளின் வெண்மை, மேசையின் நிழல், உங்கள் விரல் என எல்லாவற்றையும் அது வண்ணப் புள்ளிகளாகப் பதிவு செய்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஏ4 தாளை 300 டி.பி.ஐ. அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தால் கிடைப்பது சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்குவதற்கு முன் 26 எம்.பி.

அதையே 150 டி.பி.ஐ. ஆக்கினால், நீளத்திலும் அகலத்திலும் புள்ளிகள் பாதியாகின்றன. மொத்தம் கால் பங்கு, சுமார் 6.5 எம்.பி. வண்ணத்தை விட்டுச் சாம்பல் நிறத்துக்கு மாறினால், மூன்றில் ஒரு பங்காகி 2.2 எம்.பி.யில் நிற்கும். இன்னும் சுருக்கவே தொடங்கவில்லை, அதற்குள் 12 மடங்கு குறைந்துவிட்டது! எழுத்தை வாசிக்க இந்தத் தெளிவு பெரும்பாலும் போதும்.

சுருக்கும்போது என்ன நடக்கிறது?

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். நாம் தினமும் பார்க்கும் ஜேபெக் படங்களுக்கு அதுதான் அடிப்படை. அந்த ஜேபெக் தரம் 1992-இல் வந்தது.

படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுவதுதான் அதன் உத்தி. முகப் படத்தில் இது தெரியாது. ஆனால், எழுத்தின் ஓரம் கூர்மையானது. அதிகமாகச் சுருக்கினால் அங்கேதான் முதலில் மங்கும். சுருக்கியதையே மறுபடியும் மறுபடியும் சுருக்கினால் 3-ஆம் எண் 8 மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எனவே, மூலப் படத்தை அழிக்காதீர்கள். குறைக்க வேண்டுமானால் எப்போதும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கைப்பேசியில் என்ன செய்ய வேண்டும்?

1. சாதாரண கேமராவில் படம் பிடிக்காமல் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியிலும், ஐபோனில் நோட்ஸ் செயலியிலும் அது இருக்கிறது. தாளின் ஓரத்தை அதுவே வெட்டிவிடும். மேசை படத்தில் வராது. எல்லாப் பக்கங்களும் ஒரே பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும்.

2. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாத இடத்தில் தாளை வைத்து எடுங்கள்.

3. நிறத்தைச் சாம்பலுக்கு மாற்றுங்கள். முழுக் கறுப்பு வெள்ளை இன்னும் சிறிதாகும். ஆனால் நகலை உறுதிப்படுத்திய நீல நிற முத்திரையும் கையெழுத்தும் அதில் காணாமல் போகலாம். வண்ணப் பிரதி கேட்டிருந்தால் வண்ணத்திலேயே எடுத்து, தெளிவை மட்டும் குறையுங்கள்.

4. கணினியில் வேர்டு கோப்பு பெரிதாக இருந்தால், உள்ளே இருக்கும் படம் ஒன்றைச் சொடுக்கி, 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதில் 150 அளவைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிப் செய்தால் குறையாதா?

பெரிதாகக் குறையாது. ஜேபெக் படமும், படங்கள் நிறைந்த பி.டி.எஃப். கோப்பும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடியும் பிழிகிற மாதிரிதான். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டு எடுப்பதும் சிலர் செய்யும் வேலை. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் சான்றிதழில் இருக்கும் சின்ன எழுத்துகள் அதில் மங்கிப்போகலாம்.

இலவச இணையதளங்களில் ஏற்றலாமா?

பி.டி.எஃப். கோப்பை நொடியில் குறைத்துத் தரும் தளங்கள் நிறைய உண்டு. வேலை நடக்கும், சந்தேகமில்லை. ஆனால், உங்கள் கோப்பு முதலில் அவர்களின் கணினிக்குப் போகிறது.

மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். மலாக்கா என்றால் 04. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண் ஒன்றே இவ்வளவு சொல்கிறது. அதோடு முகவரி, அப்பாவின் சம்பளம், கையெழுத்து எல்லாம் சேர்ந்தால், மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பாடக் குறிப்பு, சுற்றறிக்கை போன்றவற்றை அந்தத் தளங்களில் ஏற்றலாம். ஐசி, சம்பளச் சீட்டு போன்றவற்றைக் கைப்பேசியிலோ சொந்தக் கணினியிலோ வைத்தே குறையுங்கள். அலுவலகம் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஐசி நகலின் மேல் இரண்டு கோடு போட்டு, எந்த விண்ணப்பத்துக்கு மட்டும் என்று எழுதுவதும் பாதுகாப்பு.

அனுப்பும் முன் பாருங்கள்

கோப்பைத் திறந்து, ஐசி எண்ணையும் தேர்வு எண்ணையும் பெரிதாக்கி வாசித்துப் பாருங்கள். உங்களால் வாசிக்க முடியாததை அதிகாரியாலும் வாசிக்க முடியாது. கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள்.

அனுப்பிய பிறகு பத்து நிமிடம் கழித்து அஞ்சல் பெட்டியைத் திரும்பப் பாருங்கள். அளவு அதிகம் என்றால் பெறுநரின் பக்கத்திலிருந்து 'அனுப்ப முடியவில்லை' என்ற தகவல் ஆங்கிலத்தில் வரலாம். அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். சில சமயம் அது தாமதமாகவும் வரும். முடிந்தால் கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தாலும் மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்.