பழைய மோட்டாரும் புகைச் சான்றும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் ஒரு நாழிகை நின்று நோக்குவோர்க்கு இரண்டு காட்சிகள் புலப்படும். லாரிகளின் மேல் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டுப் புறப்படும் புத்தம் புதிய மோட்டார் வண்டிகள் ஒரு காட்சி. அவற்றின் அருகிலேயே புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து செல்லும் பழைய வண்டிகள் மற்றொரு காட்சி. முன்னதைக் கண்டு பெருமை கொள்கிறோம். பின்னதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். இரண்டும் ஒரே தொழிலின் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறோம். பழைய வண்டியின் புகையை ஒழுங்கு செய்வது எங்ஙனம்? அதற்கென ஏற்பட்ட பரீக்ஷை நேர்மையாக நடைபெறுகிறதா? அதன் சுமை யார் தலையில் விழுகிறது? இம்மூன்று கேள்விகளை இன்று ஆராயப் புகுகிறோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் 1998-ஆம் ஆண்டில் சான்ட்ரோ வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. மத்திய சர்க்கார் 2005-ல் வகுத்த திட்டத்தின்படி, வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் அமைந்திருக்கிறது. ஒரு புதிய மாதிரி வண்டி விற்பனைக்கு வருமுன் இத்தகைய சோதனைச் சாலையில் உருளைகளின் மேல் ஓட்டப்பட்டு, அதன் புகை நுட்பமான கருவிகளால் அளக்கப்படுகிறது. அதே வண்டிக்கு இருபது வயதானபின் அதன் புகையை அளப்பது யார்? சாலையோரக் கொட்டகையில் ஒரு குழாயும் ஒரு பெட்டியும் வைத்திருக்கும் நிலையத்தார். பிறப்பில் அவ்வளவு காவல். முதுமையில் இவ்வளவு அசட்டை!

சட்டம் கூறுவது யாதென்று பார்ப்போம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதி புகையின் வரம்பைக் குறிக்கிறது. பாரத் இரண்டாம் படிக்கு முற்பட்ட பெட்ரோல் மோட்டார் நின்ற நிலையில் ஓடும்போது, அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்கு வரையிலும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கு வரையிலும் இருக்கலாம். இரண்டாம் படி, மூன்றாம் படி வண்டிகளுக்கு இவ்வரம்பு 0.5, 750 என்றும், நான்காம் படிக்கு 0.3, 200 என்றும் குறுகுகிறது. டீசல் வண்டிகளின் கரும்புகைக்கு முன்பு 65 அலகு. நான்காம் படிக்கு 50 அலகு. அந்தந்தக் காலத்து வண்டிக்கு அந்தந்தக் காலத்து அளவு. கிழவன் தலையில் வாலிபனின் சுமையை ஏற்றாத இந்த ஏற்பாடு நியாயமானதே. பழைய வண்டி தேறவே முடியாது என்ற கூற்று உண்மையன்று.

தேறாமற் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவை. காற்று வடிகட்டி அடைபட்டால் போதிய காற்றின்றிப் பெட்ரோல் அரைகுறையாக எரிகிறது. கார்பன் மோனாக்ஸைடு மிகுகிறது. இவ்விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. கரும்புகை காணவில்லை என்பதால் வண்டி யோக்கியமானது என்று எண்ணுவது பிழை. பிளக் பழுதுபட்டால் பெட்ரோல் எரியாமலே வெளியேறி ஹைட்ரோகார்பன் உயர்கிறது. கார்புரேட்டர் வண்டியில் ஐட்லிங் திருகைச் சரியான அளவில் வைத்தல் வேண்டும். பெட்ரோல் கலந்து கெட்டுப்போன எஞ்சின் ஆயிலை மாற்றுதல் வேண்டும். சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் மோட்டார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் பொருத்தப்பட்டு வருகிறது. அது சூடேறினாலன்றி வேலை செய்யாது. ஆதலின் கால்மணி நேரமாவது ஓட்டியபின் பரீக்ஷைக்கு நிறுத்துவதே முறை. டீசல் வண்டியாயின் நாசில்களையும் பம்பையும் சீர்செய்தல் வேண்டும். நீலப்புகை கண்டால் மட்டும் செய்தி வேறு: பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து ஆயில் எரிகிறது என்பது அதன் பொருள், எஞ்சினைப் பிரித்து வேலை செய்தலே அதற்கு மருந்து.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரு நல்ல மெக்கானிக்கின் அரைநாள் வேலை. அங்ஙனமிருக்க, ஜனங்கள் ஏன் செய்வதில்லை? செய்யாமலே சான்று கிடைப்பதனாற்றான். தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் நம் அன்பர் ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி, வடிகட்டியையும் பிளக்குகளையும் மாற்றிக்கொண்டு ஒரு நிலையத்துக்குச் சென்றார். அவர் வண்டியின் எஞ்சினை ஓட்டவே சொல்லவில்லையாம். நம்பர் பலகையைப் படமெடுத்தார்கள், பணம் பெற்றார்கள், தாளைக் கொடுத்தார்கள். “நான் செலவழித்தது வீண்தானா?” என்று அவர் நம்மைக் கேட்டார். இதற்கு என்ன விடை சொல்வது?

ஒரு நிலையத்தின் குற்றத்தை எல்லார்மீதும் சுமத்த நாம் ஒருப்படோம். ஆயினும் நோய் ஓரிடத்தோடு நிற்கவில்லை. டெல்லியின் வாகனப் புகையைப் பற்றி மத்தியத் தணிக்கை அதிகாரி தயாரித்து, 2025-ல் அவ்வூர்ச் சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கையைப் படித்தோர் இதனை அறிவர். வரம்பை மீறிய வண்டிகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை தேறியதாகவே சான்று பெற்றிருக்கின்றன! சான்று இல்லையேல் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அபராதத்துக்கு அஞ்சித் தாளை வாங்குவோர் பெருகினால் மட்டும் காற்று சுத்தமாகுமா?

ஏழையின் வண்டியே குற்றவாளி என்று பேசுவோர்க்கும் ஒன்று நினைவூட்டுகிறோம். 2015-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி பரீக்ஷையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தைத் தன் டீசல் வண்டிகளில் புகுத்தியிருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அது இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பரீக்ஷைக்கு முன் திருகைத் திருப்பிப் பின்னர் பழையபடி வைக்கும் மெக்கானிக்கும், பெருங்கல்வி கற்ற அந்த எஞ்சினீயர்களும் செய்தது ஒரே பிழைதான். நமது பரீக்ஷையிலும் ஒரு பெருங்குறை உண்டு: நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும், நுரையீரலில் புகும் நுண்துகள்களையும் அது அளப்பதேயில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? வயதைக் கொண்டே வண்டியைத் தள்ளுதல் ஒரு வழி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் டெல்லிப் பிரதேசத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் விலக்கியது. கட்டணத்தை உயர்த்துதல் மற்றொரு வழி. 15 ஆண்டு கடந்த மோட்டாரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இன்ஷ்யூரன்ஸைப் புகைச் சான்றோடு பிணைத்துச் சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் உத்தரவிட்டது; இன்ஷ்யூரன்ஸே இல்லாத வண்டிகள் பெருகும் என்ற அச்சத்தால் 2024-ல் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. இவ்வழிகள் யாவும் சுற்றுவழிகள். நேர்வழி ஒன்றுண்டு: புகையை உண்மையாக அளப்பது. நன்கு பேணப்பட்ட பழைய வண்டி ஓடட்டும். பேணப்படாத வண்டி, வயது எதுவாயினும், நிற்கட்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் 1984 முதல் புகைப் பரீக்ஷை நடந்து வருகிறது. தேறாத வண்டியின் சொந்தக்காரர் குறைந்த வருவாயுடையவராயின், பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்கும் ஏற்பாடும் அங்குண்டு. அச்செல்வ நாட்டில் இயல்வது இங்கு இயலாதா என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வளவு கேட்கவில்லை. குழாயை ஓர் அடி ஆழம் உட்செலுத்தி, எஞ்சினைச் சூடேற்றி, அளவைக் கருவியிலிருந்தே நேராகப் பதிவேட்டில் ஏற்றும் முறை எல்லா நிலையங்களிலும் கண்டிப்பாக நடைபெறட்டும். நிலையங்களைத் திடீர்ச் சோதனை செய்யும் பொறுப்பை அதிகாரிகள் ஏற்கட்டும். தேறாதவர்க்கு அபராதத்துக்கு முன் பழுது பார்க்கச் சில நாள் தவணை அளிக்கட்டும். இவ்வட்டாரத்தில் மோட்டார் செய்து லாபம் பெறும் கம்பெனிகள், தாம் முன்னர் விற்ற வண்டிகளுக்காக ஆண்டுக்கொருமுறை இலவசப் புகைச் சீரமைப்பு முகாம் நடத்தட்டும். தெருவோர மெக்கானிக்குகளையும் அதில் பழக்கட்டும்.

தொழிற்சங்க ஊழியர்களுக்கும் கிராமத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரகடம் சந்திப்பில் நாள் முழுதும் புகையை உண்பவர்கள் வழிப்போக்கர்களல்லர். தேநீர்க் கடைக்காரரும், பஸ்ஸுக்கு நிற்கும் தொழிலாளரும், பள்ளிப் பிள்ளைகளும் ஆவர். அவர்கள் சார்பில் இக்கோரிக்கைகளை எடுத்துச் செல்வது உங்கள் கடமை. உங்கள் வண்டியின் பரீக்ஷையை முதலில் நேர்மையாகச் செய்துகொண்டு, பின்னர் அதிகாரிகளிடம் செல்லுங்கள். நம் அன்பரின் கேள்விக்கு, “வீணன்று” என்று நாம் சொல்லக்கூடிய நிலைமையை உண்டாக்க வேண்டும்.