அணு ஆலை நின்ற நிலம்

வேலப்பன்சாவடியில் வயலாயிருந்த நிலங்கள் இன்று கல்லூரிகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறியுள்ளன. நிலம் பயன் மாறுவது நமக்குப் புதிதன்று. ஆனால், அணு ஆலை நின்ற நிலத்தை என்ன செய்வது? 1983-இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் உலைகளுக்கும் ஒருநாள் முடிவு உண்டு. ஆதலால், இவ்வினாவுக்கு விடை கண்ட ஓர் அயல்நாட்டுச் சிற்றூரை இன்று அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவில், சின்சினாட்டி நகருக்கு அருகே உள்ளது ஃபெர்னால்டு. அங்கே 1951-இல் அரசு 1,050 ஏக்கரில் யுரேனிய ஆலை ஒன்றை நிறுவத் தொடங்கியது. ஆலையின் பெயரில் 'தீவனம்' என்றும் பொருள்படும் சொல் இருந்தமையால், அங்கு மாட்டுத்தீவனம் செய்வதாகவே அயலார் பலர் எண்ணியிருந்தனராம்! 1984-இல் யுரேனியத் தூசு வெளியேறியதும், கிணற்று நீர் கெட்டதும் ஊரறியச் செய்தியாயின. மக்கள் சங்கம் அமைத்துப் போராடினர். 1989-இல் உற்பத்தி நின்றது.

பிறகு எழுந்ததுதான் கடினமான வினா. நிலத்தை எவ்வளவு தூய்மை செய்வது? இதற்கு ஒரே விடை இல்லை. வீடு கட்டிக் கீரை பயிரிடுவதாயின், குழந்தையின் வாய்க்கு மண் போகும். மிக ஆழமாகத் தோண்டியாக வேண்டும். காடாக விடுவதாயின் அவ்வளவு வேண்டா. ஆகவே, பயனை முடிவு செய்தாலன்றித் தோண்டும் ஆழத்தை முடிவு செய்ய இயலாது. அப்பயனைச் சொல்லும் உரிமை அங்கே வாழ்பவருக்கு உண்டன்றோ?

1993-இல் குடிமக்கள் குழு ஒன்று அமைந்தது. அவர்கள் கைக்கொண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியன் அல்லவா நான்! நிலப்படத்தை விரித்து, கெட்ட மண்ணின் அளவைச் சில்லுகளாக அடுக்கி, ஒரு விளையாட்டாகவே ஆராய்ந்தனர். முழுத் தூய்மை வேண்டுமெனில் சில்லுகள் கோபுரமாயின. அம்மண்ணை எங்கே கொட்டுவது? வேறோர் ஊரில்தானே! இதனைக் கண்ணால் கண்டபின், 'அனைத்தையும் அகற்றுக' என்னும் கோரிக்கை தளர்ந்தது. கொடிய கழிவு வேறிடத்துக்குச் செல்லட்டும். நச்சுக் குறைந்த பெரும்பகுதி மண் இங்கேயே மூடிய மேட்டினுள் இருக்கட்டும். வீடும் வேளாண்மையும் வேண்டா என்று 1995-இல் பரிந்துரைத்தனர். எவரும் அதிகாரத்தால் திணித்திருந்தால், தம் ஊரில் கழிவை வைக்க அவர்கள் இசைந்திருப்பார்களா?

2006-இல் பணி நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ 440 கோடி டாலர். இன்று அங்கே புல்வெளியும் சதுப்பு நிலமும் பறவைகளும் உள்ளன. காண வருவோர் நடந்து செல்லலாம், குடியிருத்தல் ஆகாது. நிலத்தடி நீரை இறைத்துத் தூய்மை செய்யும் வேலை மட்டும் அதன் பின்னும் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது.