டைல் பதிக்க முன் பாருங்கள்

கடைக்குச் சரக்கு வந்தால் மூட்டையைப் பிரித்து எண்ணிப் பார்க்காமல் நாம் பில்லில் கையெழுத்து வைப்பதில்லை. ஆனால் வீட்டில் பாத்ரூம் திருத்த வேலை என்றால், சாவியை பாஸிடம் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுகிறோம். கடைசியில் டைல் மினுங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். ஆபத்து இருப்பதோ டைலுக்குப் பின்னால்.

கண்டி, நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் பாத்ரூம் திருத்துவோர் சுடுநீர் ஹீட்டர் ஒன்றையும் பொருத்திக் கொள்கின்றனர். 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நமது மின்சாரம் 230 வோல்ட். கணக்குப் பார்த்தால் அது 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கோ, மின்குமிழுக்குப் போட்ட மெல்லிய வயரோ அதற்குப் போதாது. வயர் சூடேறி உறை உருகும், தீயும் பிடிக்கலாம்.

என் வீட்டு வேலையைப் பொறுப்பேற்ற கொந்தராத்துக்காரர் செய்திருந்ததும் இதைத்தான். லைட் வயரிலிருந்து கிளை எடுத்திருந்தார். ஏர்த் வயர் இல்லவே இல்லை. டைல் பதிக்க முன் என்.வி.கியூ. சான்றிதழுள்ள மின்னியலாளர் ஒருவர் பரிசோதிப்பார் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தேன். அதனால் ஒரு நாள் வேலையோடு பிழை திருத்தப்பட்டது. டைல் பதித்த பிறகென்றால் சுவரை உடைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டிருந்தால், ஈரக் காலுடன் ஷவருக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. ஹீட்டருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். 3.5 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுவது நல்லது. ஏர்த் கட்டாயம். சுவிட்ச் தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும்.

2. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் ஏர்த் தேவையில்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

3. தாங்கியுள்ள கீசரில் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. நீர் சூடேறும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவது வழமை. ‘லீக்’ என்று நினைத்து அதை அடைத்துவிடும் பாஸ்மாரும் உண்டு. அடைத்தால் அழுத்தம் கூடித் தாங்கி வெடிக்கக்கூடும்.

4. கேஸ் ஹீட்டர் என்றால் அதை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். அதிலிருந்து வெளிவரக்கூடிய கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும்.

இனிப் பணம். முழுத்தொகையையும் முன்னதாகக் கொடுக்க வேண்டாம். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். வயரும் குழாயும் பரிசோதித்து, போட்டோவும் எடுத்த பின்னரே டைலுக்கான பணம். கடைசி 10 வீதத்தை ஒரு மாதம் பாவித்துப் பார்த்த பின் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் விடுவதே இலாபம்.