மடிக்கணினி சூடேறி அணைந்தால்



பினாங்குத் துறைமுகத்தைச் சேர்ந்த பட்டர்வொர்த் சரக்குத் துறையை நம்மில் பலர் பார்த்திருப்போம். கப்பலிலிருந்து சரக்கு இறங்க இறங்க, லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு வாசல் வழியே வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வாசல் அடைபட்டால் சரக்கு உள்ளே குவியும். கடைசியில் இறக்கும் வேலையையே நிறுத்த நேரும். பிள்ளைகள் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி பொட்டென்று அணைந்துபோவதும் பெரும்பாலும் இதே கதைதான். அங்கே குவிவது சரக்கு அன்று, சூடு.

கணினியின் மூளையாக இருப்பது ஒரு சிறு சில்லு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் சில்லுகளைப் பொருத்தும் தொழில் நடந்துவருகிறது. நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். இந்தச் சில்லு வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் வாங்கிக்கொள்ள, சிறு காற்றாடி ஒன்று அதைப் பக்கத்துத் துளைகள் வழியே வெளியே தள்ளும். துளை அடைபட்டால் சூடு உள்ளேயே தங்கும். பல கணினிகளில் சில்லின் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகம் குறையும். அப்போதும் தணியாவிட்டால், கருகிப்போகாமல் காத்துக்கொள்ளக் கணினி தானே அணைந்துவிடும். ஆகவே, அணைந்ததும் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சூடுதான் காரணமா என்று எப்படி அறிவது? சிறிது நேரம் ஓடியபின் அடிப்பாகம் கொதித்து, காற்றாடி இரைந்து, பிறகு அணைந்தால், ஆறியபின் மீண்டும் ஓடினால், சூடே காரணம் எனலாம். குளிர்ந்திருக்கும்போதே அணைந்தால், பேட்டரியையோ சார்ஜரையோ சோதிக்க வேண்டும்.

முதலில், மெத்தையிலும் தலையணையிலும் கணினியை வைக்காதீர்கள்; துணி துளைகளை மூடிவிடும். பலகையின்மேல் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்துங்கள். தகரக் கூரை கொதிக்கும் நண்பகலை விட்டு, காலையிலோ இரவிலோ பயன்படுத்தலாம்.

அடுத்து, கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஆறவிட்டு, துளைகளில் படிந்த தூசியை உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். சூடு தணியட்டும் என்று குளிர்ப்பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். உள்ளே நீர் கோத்துச் சில்லையே கெடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் அணைந்தால், அல்லது காற்றாடிச் சத்தமே கேட்காவிட்டால், பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். சில்லுக்கும் செம்புக்கும் நடுவிலுள்ள பசை நாளடைவில் காய்ந்துபோவதுண்டு. "காற்றாடியைத் துடைத்து, பசையை மாற்ற எவ்வளவு?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைக்குக் கொடுக்குமுன் பிள்ளையின் பாடங்களை வேறொன்றில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மின்சாரமும் ஏற்றாதீர்கள், தீப்பிடிக்கலாம். உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புதுக் கணினி வாங்கப் புறப்பட்டால் ஒரு மாதச் சம்பளமே கரைந்துவிடும். அதற்குமுன் ஒரு பலகையையும் ஒரு தூரிகையையும் எடுத்துப் பார்ப்போமே.